வீடு வாங்க அட்வான்ஸ் கொடுக்கப் போறீங்களா? முதல்ல வக்கீலை பாருங்க - வில்லங்க சான்றில் வராத வில்லங்கங்கள்

சொந்த வீடு என்பது கூலி வேலைக்கு போகும் குடும்பத்துக்கு 20 வருஷ உழைப்பு. சீட்டு பணம், மனைவியின் நகை, பேங்க் லோன் என எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துத்தான் அரை கிரவுண்டு இடம் வாங்க முடிகிறது. புரோக்கருக்கு சதவீத கணக்கில் கமிஷன் கொடுக்கிறார்கள். அரசுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதம் போகிறது. 10 லட்ச ரூபாய் வீட்டுக்கு 90 ஆயிரம் ரூபாய். ஆனால் பத்திரத்தை படித்துப் பார்க்க வக்கீலுக்கு சில ஆயிரம் கொடுக்கணும் என்றால் மட்டும், 'அது எதுக்கு வீண் செலவு, வில்லங்கம் போட்டு பார்த்தாச்சே' என்று பதில் வருகிறது.

அந்த ஒரு பதிலில்தான் பல பேர் மாட்டிக் கொள்கிறார்கள்.

வில்லங்க சான்றில் என்ன வரும்?

ஈ.சி. எனப்படும் வில்லங்க சான்றில், ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவான விவகாரங்கள் மட்டுமே வரும். பதிவாகாத எதுவும் அதில் வராது. வீட்டுக்காரர் இறந்தது வராது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வராது. உயில் எழுதி பீரோவில் வைத்திருந்தால் அதுவும் வராது, ஏனென்றால் உயிலை பதிவு செய்தே ஆகணும் என்று சட்டம் இல்லை. கோர்ட்டில் பாக வழக்கு நடந்தால்கூட பல நேரம் ஈ.சி. சுத்தமாகவே இருக்கும்.

உதாரணத்துக்கு, அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்து விட்டார். பட்டா அண்ணன் பேருக்கு மாறி விட்டது, வீட்டு வரியும் அவர்தான் கட்டுகிறார். அவரே விற்கிறார், நீங்க வாங்குகிறீங்க. ஈ.சி.யில் ஒரு குறையும் தெரியாது. மூணு வருஷம் கழித்து, கட்டிக் கொடுத்த தங்கை வந்து 'என் பங்கு எங்கே' என்று வழக்கு போடுகிறார். சட்டம் தங்கை பக்கம்தான். அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. பட்டா என்பது வருவாய் துறை கணக்கு. அது மட்டுமே ஒருத்தரை முழு சொந்தக்காரர் ஆக்கி விடாது.

பூர்வீக சொத்து என்றால் இன்னும் கவனம் வேணும். தமிழ்நாட்டில் 1989-லேயே, அன்று கல்யாணம் ஆகாத பெண்களுக்கு இந்து குடும்ப பூர்வீக சொத்தில் சம பங்கு கொடுத்தார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க கல்யாணம் ஆன மகளுக்கும் சம உரிமை வந்தது. அந்த தேதியில் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு நடந்த விற்பனை, பதிவு செய்த பாகப்பிரிவினையை மட்டும் இது தொடாது. முஸ்லிம், கிறிஸ்தவ குடும்பங்களுக்கு சட்டம் வேற. இதை எல்லாம் வாரிசு சான்றை வைத்து கணக்கு போட்டு, 'இந்த அஞ்சு பேரும் கையெழுத்து போட்டால்தான் வாங்கு' என்று சொல்வதுதான் வக்கீல் வேலை. அந்த அஞ்சு பேரில் ஒருத்தர் 18 வயது ஆகாதவர் என்றால் கோர்ட் அனுமதி தேவைப்படலாம். இல்லாவிட்டால் அந்த பிள்ளை மேஜர் ஆனதும் மூணு வருஷத்துக்குள் கிரயத்தை எதிர்த்து வழக்கு போடலாம்.

பத்திர எழுத்தர் இதை பார்க்க மாட்டாரா என்று கேட்கலாம். அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவருடைய வேலை சொன்னதை பத்திரமாக எழுதுவது. சார்பதிவாளர் பதிவு செய்வதும் பத்திரத்தைத்தான். விற்கிறவருக்கு முழு உரிமை இருக்கிறது என்று அவர் யாருக்கும் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

பவர், பஞ்சமி, அப்ரூவல்

'ஓனர் வெளியூர்ல இருக்கார், எனக்கு பவர் கொடுத்திருக்கார்' என்று ஒருத்தர் வந்தால், ஓனர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்து விட்டாரா என்று பார்க்கணும். ஓனர் இறந்து விட்டால் சாதாரண பவர் அதோடு முடிந்தது. பவர் பத்திரத்தையே கிரயம் மாதிரி எழுதி வாங்கி குடியேறுபவர்களும் உண்டு. அப்படி வாங்கினால் சொத்து கைமாறியதாக ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே சொல்லி விட்டது.

இடம் என்ன வகை என்பது அடுத்த கேள்வி. வெள்ளைக்காரன் காலத்தில் 1892 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்க முடியாது. வாங்கினால் செல்லாது. கோயில் நிலம், வக்ஃபு நிலம், ஏரி புறம்போக்கு என்றாலும் தலைவலிதான். 'அ' பதிவேடு, புலப்படம், பழைய தாய்ப்பத்திரம் எல்லாத்தையும் ஒப்பிட்டு பார்த்தால்தான் இது வெளியே வரும். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனையா, 2017-ல் வந்த வரன்முறை திட்டத்தில் ஆர்டர் வாங்கி இருக்கிறார்களா என்று கேட்கணும்.

ஒரிஜினல் தாய்ப்பத்திரத்தை காட்டாமல் ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் அங்கேயே நிறுத்திக் கொள்வது நல்லது. ஒரிஜினல் எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம்.

பேங்க் வக்கீல் யாருக்கு வக்கீல்?

'பேங்க்லயே லீகல் பார்த்துட்டாங்க, லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்பது இன்னொரு தப்பு கணக்கு. அந்த வக்கீலுக்கு பீஸ் உங்க பாக்கெட்டில் இருந்து போனாலும் அவர் பார்ப்பது பேங்க் பணத்துக்கு பாதுகாப்பை. அவர் ரிப்போர்ட் தப்பாக போய் வீடு கையை விட்டு போனாலும் ஈ.எம்.ஐ. நிற்காது. உங்களுக்கு தனியாக ஒருத்தர் வேணும். விற்கிறவர் கூட்டி வரும் வக்கீலும் வேணாம், புரோக்கர் கை காட்டும் வக்கீலும் வேணாம்.

விற்கிறவருக்கும் வக்கீல் தேவை. அக்ரிமெண்டில் எத்தனை மாசத்துக்குள் பாக்கி பணம் தரணும், தராவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று தெளிவாக எழுதாமல் வருஷக்கணக்கில் இழுபட்டவர்கள் ஏராளம். தமிழ்நாட்டில் கிரய அக்ரிமெண்டை பதிவு செய்ய வேண்டும் என்பதும் பலருக்கு தெரியவில்லை. வீட்டுக்கான பணத்தில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க கூடாது. 2015 ஜூன் முதல், வாங்கினால் வருமான வரி துறை அதே அளவு தொகையை விற்கிறவருக்கே அபராதமாக போடலாம்.

வீட்டு லோனை ஒரு பேங்கில் இருந்து வட்டி குறைந்த இன்னொரு பேங்குக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டு லோனை முன்கூட்டியே அடைத்தால் தனி நபரிடம் அபராத கட்டணம் வாங்க ரிசர்வ் வங்கி தடை போட்டிருக்கிறது. முழு கடனும் அடைத்த 30 நாளில் ஒரிஜினல் பத்திரத்தை திருப்பித் தரணும். பேங்க் தவறால் தாமதம் ஆனால் நாளொன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் தரணும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய அடமானத்துக்கு ரசீது பதிவு செய்ய மறந்து விட்டால் கடன் தீர்ந்தும் ஈ.சி.யில் கடன் அப்படியே நிற்கும். நாளைக்கு விற்க போகும்போது இதுதான் முதலில் இடிக்கும்.

பீஸ் எவ்வளவு?

இதற்கு ஒரே ரேட் கிடையாது. ஊருக்கு ஊர், வக்கீலுக்கு வக்கீல் மாறும். முதல் நாளே கேட்டு விடுங்க: ஒப்பீனியன் மட்டுமா, அக்ரிமெண்டும் கிரய பத்திரமும் எழுதுவதும் சேர்த்தா, ரிஜிஸ்டர் அன்று கூட வருவாரா? சிவில் வழக்கு நடத்துகிறவராக பாருங்க. கிரிமினல் கோர்ட்டில் பெரிய பேர் எடுத்தவருக்கு பத்திரம் படிக்கிற பழக்கம் இருக்கணும்னு இல்லை. ஒப்பீனியனை வாயால் கேட்காமல் கையெழுத்தோடு எழுதி வாங்குங்க. அவரிடம் கொடுத்து வைப்பது ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலை காட்டி விட்டு கையோடு எடுத்து வந்து விடலாம்.

10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தை பெண்கள் பேரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவு கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. அதில் மிச்சமாகும் பணத்தில் பல ஊர்களில் வக்கீல் பீஸே அடங்கி விடும்.

அதுவும் முடியாதவர்கள் மாவட்ட கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு போகலாம். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. போன் நம்பர் 15100. போகும்போது தாய்ப்பத்திர ஜெராக்ஸ், ஈ.சி., பட்டா நகல், விற்கிறவரின் அப்பா இறந்திருந்தால் வாரிசு சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லவும்.