பட்டறைக் கருவிகளில் துரு நீக்கம்

துரு நீக்கம் என்பது உளி, இழைப்புளி, அரம், ரம்பம், குறடு, வைஸ் முதலிய இரும்பு, எஃகுக் கருவிகளின் மேல் ஏறிய துருவை, அடியிலுள்ள உலோகத்துக்கு இயன்றவரை சேதமின்றி அகற்றி, அவற்றை மீண்டும் வேலைக்கு உகந்தவையாக்கும் பணியாகும். பளபளப்பாக்குதல் வேறு, துரு நீக்குதல் வேறு. துருவாகிப்போன இரும்பு எம்முறையாலும் கெட்டியான உலோகமாகத் திரும்புவதில்லை. ஆகவே துருவை எடுக்கும் வேகத்தில் நல்ல உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடாமல், தக்க இடத்தில் கையை நிறுத்துவதே இப்பணியின் திறமை எனலாம்.

இரும்பு நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து உண்டாகும் நீரேறிய இரும்பு ஆக்சைடுகளின் கலவையே செந்துரு. இவ்விரண்டில் ஒன்று இல்லையெனினும் துரு ஏறாது. சுவீடனின் காட்லாந்து தீவில் 1936-இல் உழவின்போது வெளிப்பட்ட மெஸ்டர்மீர் கருவிப்பெட்டி, வைக்கிங் காலத்தைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட பொருள்களோடு (அவற்றுள் பல இரும்புக் கருவிகள்) உருக்குலையாமல் கிடைத்ததற்கு, ஆக்சிஜன் அரிதான சதுப்பு மண்ணில் அது புதைந்திருந்ததே காரணம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது துருப்பிடித்தல் விரைவுபடுகிறது. உப்பு படிந்த பரப்பில் இன்னும் விரைவாக நிகழ்வதால், கடலோர ஊர்ப் பட்டறைகளில் மட்டுமன்றி, வியர்த்த கையால் தொட்டு வைத்த உளியிலும் விரல் பதிந்த இடத்திலேயே முதலில் செம்மை தட்டுகிறது. செந்துரு நுண்துளைகள் நிறைந்தது. தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. போல்ட்டும் நட்டும் இறுகிக்கொள்வதற்கும், துரு பொருக்குப் பொருக்காகப் பெயர்வதற்கும் இந்தப் பருமப் பெருக்கமே காரணம். மாறாக, மேக்னடைட் எனப்படும் கரிய ஆக்சைடு அடர்த்தியாக ஒட்டி நின்று உலோகத்துக்கு ஓரளவு காப்பாகவும் அமைவதால், பழங்கருவியின் கருமை முழுவதையும் குற்றமாகக் கருத வேண்டியதில்லை.

வேலையைத் தொடங்குமுன் மரப்பிடிகளையும் அலுமினியப் பாகங்களையும் கழற்றி வைப்பது முறை. இறுகிய திருகுகளில் மண்ணெண்ணெய் அல்லது ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டுத் தட்டிக் கழற்றுவர். இன்று பட்டறைதோறும் காணப்படும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பானும் 1953-இல் அமெரிக்காவில் உருவானபோது நீரை விரட்டித் துருவைத் தடுக்கும் பொருளாகவே கருதப்பட்டது; பெயரிலுள்ள எண், நாற்பதாவது முயற்சியில் கலவை கைகூடியதைக் குறிக்கும். அதைத் துருவைக் கரைக்கும் மருந்தாக நினைப்பது பரவலான தவறு.

மேலோட்டமான துருவுக்கு மண்ணெண்ணெய் தொட்ட உப்புத்தாளோ கம்பிப் பிரஷோ போதும். மின்விசையில் சுழலும் கம்பிச் சக்கரம் வேலையை விரைவாக்கினாலும், உளியின் வாய்போன்ற மெல்லிய முனையை அதில் அழுத்திப் பிடித்தால் வெப்பம் ஏறும். கார்பன் எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் நீலம் பாய்ந்துவிட்டால் அவ்விடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள், துரு நீங்கியும் கருவி கெட்டதாகிவிடும். மூலைமட்டம், அளவுகோல் போன்ற அளவைக் கருவிகளைத் தேய்ப்பது எவ்வகையிலும் நன்றன்று.

தேய்க்காமல் ஊறவைத்து நீக்குவதற்கு அமிலங்கள் பயன்படுகின்றன. 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் கொண்ட வினிகரிலோ, லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கரைத்த நீரிலோ கருவியை ஓரிரவு மூழ்க வைத்தால் துரு இளகி, பிரஷுக்குச் சேறாக வழிந்துவிடும். ஆனால் அமிலத்துக்குத் துரு வேறு, இரும்பு வேறு என்ற பேதம் முழுமையாகக் கிடையாது. நேரம் கடந்தால் எஃகையும் அரித்துப் பரப்பைச் சாம்பல் நிறமாகச் சொரசொரப்பாக்கிவிடும். பழைய அரங்களின் பற்களிடையே அடைத்த துருவைப் போக்க மட்டும் இந்தச் சிறு அரிப்பு உதவியாகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிமிடங்களில் வேலையை முடித்தாலும், அதன் ஆவி அதே அறையிலுள்ள மற்றக் கருவிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். வினையில் தோன்றும் ஹைட்ரஜன் கடினமாக்கப்பட்ட எஃகினுள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கவும் கூடும் என்பதால், சுருள்வில்களையும் வெட்டுக் கருவிகளையும் அதில் இடுவதில்லை.

சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை நீரில் கரைத்துக் கருவியை வாரக்கணக்கில் ஊறவைப்பது, மெதுவானதும் நாற்றமுடையதுமான மற்றொரு முறை. இதனோடு உறவுடைய முறையொன்று துணி வண்ணக் கலையில் இருக்கிறது. தென்னிந்தியக் கலம்காரி ஓவியர்கள் துருவேறிய இரும்புத் துண்டுகளை வெல்லநீரில் புளிக்கவிட்டு எடுக்கும் நீரை, கடுக்காய்ச் சாற்றில் முன்னரே நனைத்துக் காயவைத்த துணியில் தீட்டுகின்றனர். கரைந்து வந்த இரும்பு கடுக்காயின் டானினோடு சேர்ந்து அழியாக் கறுப்பாகிறது. வினையின் முதற்பாதி இரும்பைக் கரைப்பது; பிற்பாதியோ இன்று கடைகளில் துருமாற்றி என்ற பெயரில் விற்கும் பல திரவங்களின் அடிப்படை. டானிக் அமிலம் அடங்கிய இத்திரவங்கள் துருவை அகற்றாமல் கருநீலப் பூச்சாக மாற்றி நிறுத்துகின்றன. வைஸின் உடலுக்கும் எந்திரத்தின் கால்களுக்கும் இது பொருந்தும். வெட்டும் வாய்க்கும் உரசி நகரும் பரப்புக்கும் பொருந்தாது.

உலோகத்தை ஏறக்குறையத் தொடாமல் துருவை மட்டும் நீக்குவதில் மின்னாற்பகுப்பு முறை சிறந்தது. பிளாஸ்டிக் தொட்டி நீரில் லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் சலவைச் சோடா கரைத்து, கருவியை 12 வோல்ட் நேர்மின்னோட்ட மூலத்தின் எதிர்முனையிலும், பயனற்ற இரும்புத் தகடொன்றை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் தொடாதவாறு அமிழ்த்துவர். முனைகள் மாறினால் கரைவது கருவியாக இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கருவியின் மேலிருந்து ஹைட்ரஜன் குமிழ்கள் பொடிப்பொடியாகக் கிளம்பித் துருவைப் பெயர்க்கின்றன. எஞ்சிய செந்துரு கரிய ஆக்சைடாக மாறி நெகிழ்கிறது. நீரின் மேல் செங்காவி நுரை திரள்கிறது. சில மணி நேரத்துக்குப் பின் எடுத்துப் பார்த்தால் கருவி கன்னங்கரேலென்று இருக்கும். அக்கருமை விரலால் வழித்தாலே வந்துவிடும். காரக் கரைசலில் நல்ல இரும்பு அரிக்கப்படாது என்பதால், கூடுதல் நேரம் கிடந்தாலும் அமிலத்தில்போல் எஃகு தேய்வதில்லை. மின்னோட்டம் தகட்டை நோக்கிய பக்கத்திலேயே வலுவாகச் செல்வதால் இடையிடையே கருவியைத் திருப்ப வேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்கா எஃகைப் பயன்படுத்துவது ஆபத்து. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள ஆறிணைதிறக் குரோமியம் கரைந்து வரும். சலவைச் சோடாவுக்குப் பதிலாகச் சமையலுப்பை இடுவதும் குளோரின் வாயுவை உண்டாக்கும். எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளிவருவதால் தொட்டி திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாமல் இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரே நீரில் கை வைக்க வேண்டும்.

எம்முறையில் நீக்கினாலும், துரு போன வெற்று எஃகு மிக விரைவில் மீண்டும் சிவக்கும். கழுவிய கருவியை ஈரத்தோடு வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வருவதற்குள் மஞ்சள் படர்ந்துவிடுவதுண்டு. ஆகவே அமிலத்தில் ஊறியதைச் சமையல் சோடா நீரில் அலசி, வெந்நீர் ஊற்றிச் சூட்டோடு துடைத்து, உடனே இயந்திர எண்ணெயோ மெழுகோ பூசுவர். சமையல் எண்ணெய்கள் பல நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசுக்காகிவிடுவதால் நீண்ட காலக் காப்புக்கு உதவா.

துரு போன இடத்தில் எஞ்சும் குழிகளை எப்பூச்சும் நிரப்பாது. இழைப்புளியின் பக்கவாட்டிலுள்ள குழிகளால் தீங்கில்லை. அதன் அலகின் முதுகில், வாயை ஒட்டியுள்ள குழி மட்டும் தீட்டும்போது விளிம்பை எட்டி, இழைத்த மரத்தில் கோடாகத் தெரியும். முதுகைத் தட்டையாகத் தேய்த்தோ, குழியைத் தாண்டும்வரை வாயைப் பின்னோக்கிச் சாணை பிடித்தோ இதைச் சரிசெய்வர். பழங்கருவி சேகரிப்போர்க்கு வேறொரு கவலை உண்டு: செய்தவரின் முத்திரை பெரும்பாலும் மிக ஆழமின்றிக் குத்தப்பட்டிருக்கும், உப்புத்தாளின் சில இழுப்புகளில் எழுத்து மழுங்கிவிடும். முத்திரை உள்ள இடத்தில் அவர்கள் எண்ணெய் தோய்ந்த துணியைத் தவிர வேறெதையும் வைப்பதில்லை.