ஆசை காட்டி ஆள் பிடித்தல்

ஏமாற்றுதலைக் குறிக்கும் வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் பல உள. அவற்றுள் நம் தோட்ட மக்களின் சரித்திரத்தோடு நெருங்கிய சம்பந்தமுடையது 'கிரிம்ப்' என்பதாகும். ஆசை வார்த்தை கூறியோ, குடிக்கக் கொடுத்தோ, கடனில் மாட்டியோ ஒருவனைப் பிறர் வேலைக்குப் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குதல் என்பது அதன் பொருள். பட்டாளத்துக்கு இவ்வாறு ஆள் பிடித்து அடைத்து வைத்திருந்த வீடுகளை 1794-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஜனங்கள் திரண்டு வந்து தாக்கினார்கள்.

இச்சொல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. தம் தோட்டத்து ஆளை அடுத்த தோட்டத்துக் கங்காணி முன்பணம் காட்டி இழுத்துக்கொண்டு போவதையே துரைமார் இச்சொல்லால் நிந்தித்தனர். ஜோகூரில் 1909-இல் ரயில் பாதை முடிந்தபின், சிகாமட், குளுவாங் முதலிய இடங்களில் காடழித்துப் பால்மரம் நட்டார்கள். 1910-இல் ரப்பர் விலை உச்சிக்கு ஏறிற்று. தோட்டம் பெருகிய அளவுக்கு ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த ஆள் முதலில் எப்படி வந்தான்? ஜரிகை வேஷ்டியும் கடிகாரமுமாகக் கங்காணி சொந்த ஊருக்குச் சென்று, அக்கரைச் செழுமையை வருணித்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினான். தலைக்கு இவ்வளவென்று அவனுக்குக் காசும் கிடைத்தது. இச்செய்கையைத் துரைமார் 'கிரிம்ப்' என்று சொல்லவில்லை. 'ஆள் சேர்த்தல்' என்று கௌரவமாகவே சொன்னார்கள். இரண்டில் எது ஏமாற்று என்று நாம் கேட்கிறோம். அடுத்த தோட்டத்துக்குப் போனவன் அங்குள்ள கூலியையும் லயத்தையும் விசாரித்தறிய வழியுண்டு. கப்பலேறியவனோ கங்காணியின் வாயைத் தவிர வேறொன்றும் கண்டானில்லை. (முன்பணம் காட்டியவன் யோக்கியன் என்பதல்ல நம் கட்சி. அப்பணமும் கடனாகவே ஆளின் கழுத்தில் ஏறிற்று.)

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும் அவர்கள் வேலை செய்த நாட்கணக்குப்படி வரி கட்ட வேண்டும். கப்பற் செலவு அந்நிதியிலிருந்து போகும். தான் ஒரு காசும் செலவிடாமல் அயலான் வருவித்த ஆளை இழுப்பவனும் இதற்குத் தப்ப முடியாது. பின்னர் ஜோகூரும் இதிற் சேர்ந்தது. துரைமாரின் நஷ்டத்துக்கு இவ்வாறு பரிகாரம் பிறந்தது. கிராமத்தில் கங்காணி சொன்ன பொய்க்கோ கப்பற் கூலியை யார் கொடுத்தாலும் ஒன்றுதான். 1938-இல் தோட்டக் கூலி குறைக்கப்பட்டபோது, இந்திய சர்க்கார் உதவி பெற்றுக் கப்பலேறும் தொழிலாளரைத் தடை செய்தது. கங்காணியின் ஊர்ப் பயணமும் அதோடு நின்றது.