குடும்பத்துக்கு எத்தனை அடி டிரெய்லர்? படுக்கைகளை எண்ணும் முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் பணிபுரியும் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ கோடைக்காலத்தைக் கழிக்கச் செல்லும் பெற்றோர், பேரக் குழந்தைகளுடன் யோசெமிட்டி, கிளேசியர் போன்ற தேசியப் பூங்காக்களைக் காண விரும்புவது இயல்பே. மூன்று தலைமுறையினரும் ஒரே கூரையின் கீழ் உறங்கலாம். வீட்டுச் சமையலையே உண்ணலாம். நள்ளிரவில் பொதுக் கழிப்பறையைத் தேடி இருட்டில் நடக்க வேண்டியதில்லை. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் முகாம் டிரெய்லர் இவற்றுக்கெல்லாம் விடையாகத் தோன்றுகிறது.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், முதலில் கேட்கப்படும் கேள்வி ‘எத்தனை பேர் படுக்கலாம்?’ என்பதுதான். ஆறு பேர் என்றால் 30 அடி வண்டி காட்டப்படுகிறது. ஆனால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தக் காரால் இழுக்கப் போகிறோம், எந்த முகாமில் நிறுத்தப் போகிறோம் என்ற இரண்டும் முடிவான பிறகு எஞ்சும் நீளத்துக்குள்தான் படுக்கைகளைத் தேட வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்குக் ‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வேன் நினைவுக்கு வரக்கூடும். அது தன் எஞ்சினால் தானே ஓடுவது. இங்கே பேசப்படும் டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறு வீடு, காரின் பின்புறக் கொக்கியில் மாட்டப்பட்டு இழுத்துச் செல்லப்படுகிறது. ஓடும்போது இதற்குள் அமர்ந்து பயணிக்கலாம் எனச் சிலர் எண்ணுகிறார்கள். கலிபோர்னியா மாநிலச் சட்டம் இவ்வகை டிரெய்லர்களில் அதற்கு இடம் தருவதில்லை. ஆக, டிரெய்லரில் எட்டுப் படுக்கைகள் இருந்தாலும், காரில் எத்தனை இருக்கைகளும் பெல்ட்டுகளும் உள்ளனவோ அத்தனை பேர்தான் பயணம் செய்ய முடியும்.

பெயரில் உள்ள எண் நீளம் அல்ல

பல டிரெய்லர்களின் மாதிரிப் பெயரிலேயே 22, 25, 28 என ஓர் எண் இருக்கும். அதை மொத்த நீளமாகக் கொள்வது தவறு. பல தயாரிப்புகளில் அது அறைப் பகுதியின் நீளத்தை ஒட்டிய எண் மட்டுமே. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைச் சட்டமும் கொக்கியும் சேர்ந்தால் மூன்று, நான்கு அடி கூடிவிடும். பின்புற பம்பரும் சைக்கிள் தாங்கியும் இருந்தால் இன்னும் கூடும். ‘22’ என்று பெயர் கொண்ட வண்டி நிறுத்துமிடத்தில் 26 அடியை எடுத்துக்கொள்வது உண்டு. மறுபுறம், சில நிறுவனங்கள் மொத்த நீளத்தையொட்டியே பெயரிடுகின்றன. எனவே, விவரக் குறிப்பில் ‘மொத்த வெளி நீளம்’ என்ற வரியைப் பார்ப்பதோடு, கொக்கியின் நுனியிலிருந்து பின் விளிம்பு வரை அளவு நாடாவால் நேரில் அளந்துவிடுவதே பாதுகாப்பு.

முதல் எல்லை: வீட்டில் நிற்கும் கார்

அங்குள்ள இந்தியக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி ஆகிய மினி வேன்களின் அதிகபட்ச இழுவைத் திறன் 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,590 கிலோ. பெட்ரோலில் ஓடும் டொயோட்டா ஹைலேண்டர், தகுந்த இழுவை வசதியுடன் 5,000 பவுண்டு வரை, அதாவது சுமார் 2,270 கிலோ வரை இழுக்கும். 30 அடி நீளமுள்ள, அடுக்குப் படுக்கை கொண்ட குடும்ப டிரெய்லர் பொருள்களுடன் சேர்ந்து 7,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். அதற்குப் பெரிய பிக்அப் லாரியோ, லாரிச் சட்டத்தின் மீது கட்டப்பட்ட பெரிய எஸ்யூவியோ தேவை. டிரெய்லர் வாங்கப் போய் லாரியும் சேர்த்து வாங்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

விளம்பரத்தில் தரப்படும் டிரெய்லர் எடை பெரும்பாலும் வெற்று எடை. தண்ணீர், பாத்திரம், துணிமணி, மளிகை எதுவும் அதில் சேராது. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 151 கிலோ. ஆகவே, பார்க்க வேண்டியது டிரெய்லரின் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை. அது காரின் இழுவைத் திறனுக்கு நெருக்கமாக வருவதே நல்லதல்ல; ஐந்தில் ஒரு பங்காவது இடைவெளி விடுவது விவேகம்.

இழுவைத் திறனைவிட முன்னதாகவே தீர்ந்துபோவது காரின் தாங்குதிறன் என்பதைப் பலர் அறிவதில்லை. டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் வழியாகக் காரின் மீதே அழுத்துகிறது. அவ்வாறு அழுத்தத்தான் வேண்டும். குறைந்தால் டிரெய்லரின் பின்பகுதி பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கும். ஆனால், இந்தச் சுமையும் பயணிகளின் எடையும் ஒரே கணக்கில் சேர்கின்றன. ஓட்டுநர் கதவைத் திறந்தால் உட்புறத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு அட்டையில், பயணிகளும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என அச்சிடப்பட்டிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: அட்டையில் 635 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். தாத்தா, பாட்டி, பெற்றோர், இரு குழந்தைகள் என ஆறு பேரின் எடை 320 கிலோ. காரில் ஏற்றிய பெட்டிகள் 80 கிலோ. சுமையுடன் 2,000 கிலோ எடையுள்ள டிரெய்லரின் கொக்கிச் சுமை 12 விழுக்காடு எனில் 240 கிலோ. கூட்டினால் 640. காரின் இழுவைத் திறன் 2,270 கிலோவாக இருந்தும், டிரெய்லர் அதற்குள் அடங்கியும், கார் வரம்பைத் தாண்டிவிட்டது. தாத்தா பாட்டி வராத பயணத்தில் இதே கார், இதே டிரெய்லர் சரியாகப் பொருந்தியிருக்கும். குடும்பம் பெரிதாகும்போது நீளமான டிரெய்லர் தேவைப்படுகிறது. அதே வேளையில் காரால் இழுக்கக்கூடிய டிரெய்லர் சிறிதாகிக்கொண்டே போகிறது. இந்த முரண்பாட்டை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வது அரிது.

நீளம் கூடும்போது காற்று மோதும் பக்கவாட்டுப் பரப்பும் கூடுகிறது. நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும்போதோ, திறந்த சமவெளியில் குறுக்குக் காற்று வீசும்போதோ, நீண்ட டிரெய்லர் காரின் பின்புறத்தையே தள்ளப் பார்க்கும். இதற்கு அனுபவசாலிகளிடையே ஒரு தோராய விதி வழங்கிவருகிறது. காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 110 அங்குலமாக இருந்தால் 20 அடி டிரெய்லர். அதற்கு மேல் ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் ஓர் அடி கூட்டிக்கொள்ளலாம். ஹைலேண்டரின் அச்சுத் தூரம் ஏறக்குறைய 112 அங்குலம். எனவே 20 அடியை ஒட்டியே நிற்க வேண்டும். இது சட்டமும் அல்ல, பொறியியல் சூத்திரமும் அல்ல. ஆயினும், எடைக் கணக்கு காட்டும் விடையும் பெரும்பாலும் இதற்கு அருகிலேயே வந்து நிற்கிறது.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்கு வேக வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். பயண நேரத்தை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது எல்லை: முகாமும் பாதையும்

தேசியப் பூங்காக்களின் முகாம்கள் பலவும் இன்றைய நீண்ட டிரெய்லர்கள் வருவதற்கு முன் அமைக்கப்பட்டவை. மரங்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே உள்ள இடங்களை விரும்பியபடி நீட்ட முடியாது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிலுள்ள அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லரின் அதிகபட்ச நீளம் 24 அடி. அருகிலுள்ள லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ் முகாம்களில் 35 அடி வரை வரம்பு இருந்தாலும், அவ்வளவு நீளத்தை ஏற்கும் இடங்கள் மிகச் சில. பள்ளத்தாக்கின் முகாம்களுக்கு முன்பதிவு கிடைப்பதே கடினம் என்ற நிலையில், 24 அடிக்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கதவுகள் பல. 30 அடியுடன் வருவோருக்கு ஒன்றிரண்டு. ஓர் இடத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கவும் அனுமதி இல்லை; குழந்தைகளும் இந்த எண்ணிக்கையில் அடங்குவர்.

கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற ‘கோயிங் டு த சன்’ மலைச்சாலையில், அவலாஞ்ச், ரைசிங் சன் ஆகிய இடங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் 21 அடிக்கு மேற்பட்ட வாகனங்கள் செல்லக் கூடாது. இந்தக் கணக்கில் காரும் டிரெய்லரும் சேரும். கார் மட்டுமே 16 அடி என்னும்போது எவ்வளவு சிறிய டிரெய்லரும் இதற்குள் அடங்காது. முகாமில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் செல்வதே வழி. இதை அறியாமல் ‘அந்தச் சாலைக்காக’ மிகச் சிறிய வண்டி எடுத்து இடநெருக்கடியில் அவதிப்படுவதில் பொருளில்லை.

யூட்டா மாநிலத்தின் சயான் பூங்காவில் 1930-இல் திறக்கப்பட்ட மலைச் சுரங்கப்பாதையில் சிக்கல் நீளத்தில் மட்டுமல்ல, அகலத்திலும் உள்ளது. 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமான வாகனங்கள் முன்பு அனுமதிச் சீட்டுடன், எதிர்த்திசைப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு அனுப்பப்பட்டன. 2026-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் பெரிய வாகனங்கள் மாற்றுப் பாதையில் திருப்பிவிடப்படும் எனப் பூங்கா நிர்வாகம் அறிவித்துள்ளது. குடும்ப டிரெய்லர்களில் பல 8 அடி அகலம் கொண்டவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நீளத்துக்குப் பணமும் உண்டு. வாஷிங்டன் மாநிலப் படகுப் போக்குவரத்தில் வாகனக் கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் டிரெய்லரை வீட்டு முன் நிறுத்த அனுமதிப்பதில்லை. வெளியே வாடகை முற்றத்தில் நிறுத்தினால் அங்கும் நீளம் கூடக் கூட வாடகை கூடுகிறது.

கடைசியாகப் படுக்கைகள்

பொதுவாகப் பார்த்தால் 15 அடிக்கு உட்பட்டவை இருவருக்கு. 16 முதல் 20 அடி வரை தம்பதியருக்கும் ஒரு சிறு குழந்தைக்கும். 21 முதல் 25 அடி வரை நால்வருக்கு. அதற்கு மேல் அடுக்குப் படுக்கைகளுடன் ஆறு முதல் எட்டுப் பேருக்கு. ஆனால், ‘எட்டுப் பேர்’ என்ற எண்ணிக்கையில் உணவு மேசையை இறக்கி, அதன் மேல் மெத்தை பரப்பிச் செய்யும் படுக்கையும் அடங்கும். ஒருவர் உறங்கினால் மற்றவர் காபி குடிக்க அமர முடியாது. பல டிரெய்லர்களில் பெரிய கட்டிலின் நீளம் 75 அங்குலம்தான்; வீட்டுக் கட்டிலைவிட 5 அங்குலம் குறைவு. மேல் அடுக்குப் படுக்கைக்கு எடை வரம்பு குறிக்கப்பட்டிருக்கும், அது குழந்தைகளுக்கானது.

வயதானவர்கள் உடன் வந்தால் நீளத்தைவிட உள்ளமைப்பே முக்கியம். இரவில் எவரையும் தாண்டாமல் கழிப்பறைக்குச் செல்ல வழி இருக்கிறதா, கட்டிலின் இரு பக்கமும் இறங்க இடம் உண்டா, வாசற்படி எவ்வளவு உயரம் என்பவற்றைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்து விரிக்கக்கூடிய அறைப் பகுதி கொண்ட 23 அடி வண்டி, அது இல்லாத 27 அடி வண்டியைவிட விசாலமாகத் தோன்றும். எனினும், அந்த அமைப்பு எடையைக் கூட்டுகிறது. மடக்கிய நிலையில் வழியில் நிறுத்தும்போது கழிப்பறைக் கதவையே அது மறைத்துவிடும் வண்டிகளும் உண்டு. மடக்கிய நிலையில் ஒருமுறை உள்ளே சென்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கும் 24 அடிக்குள் முடிப்பதே மேல் என்பது இக்கட்டுரையின் கருத்து. பெரியவர்களுக்கு டிரெய்லரின் நிலையான கட்டில். குழந்தைகளுக்கும் தந்தைக்கும் பக்கத்தில் ஒரு கூடாரம். குழந்தைகள் எப்படியும் கூடாரத்தையே கேட்பார்கள். ஊறுகாயும் சாம்பார் பொடியும் மட்டும் கூடாரத்துக்குள் போகக் கூடாது. கரடிகள் உலவும் யோசெமிட்டியில், மணமுள்ள பொருள் எதுவாயினும், பற்பசை உட்பட, இரும்புப் பெட்டகத்திலோ சன்னல்கள் மூடிய கெட்டிச் சுவர் டிரெய்லரிலோதான் இருக்க வேண்டும்.

நீளம் குறைந்தால் எல்லாமே எளிது என்றும் சொல்லிவிட முடியாது. பின்னோக்கி நகர்த்தும்போது குட்டையான டிரெய்லர் சட்டென்று திரும்பி மடங்கிவிடும். நீளமானது மெதுவாகத் திரும்புவதால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். முதன்முறை இழுப்பவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, காலியான வாகன நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரமாவது பின்னோக்கி ஓட்டிப் பழகுவது நலம். அதே பயணத்தில் தண்ணீர், சாமான்கள், குடும்பத்தினர் அனைவருடனும் நெடுஞ்சாலையோர லாரி எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தால், காரின் பின் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்பது அச்சிட்ட சீட்டாகக் கைக்கு வந்துவிடும். அந்தச் சீட்டையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு விற்பனை முற்றத்துக்குச் செல்லலாம்.