ஜமைக்கா பெயரில் ஒரு புளிச்சை

மெக்சிகோ ஐஸ் டீ என்று சொல்லி, வீட்டு வாசலில் பூத்த செம்பருத்தி இதழைக் கொதிக்கவிடுகிறார்கள். குடிக்கலாம், தப்பில்லை. ஆனால் எலுமிச்சை பிழியாமல் புளிக்காது. மெக்சிகோக்காரர்கள் போடுவது அந்தப் பூவே இல்லை.

அது நம்ம குமராட்சிப் பக்கம் கடைந்து சாப்பிடும் புளிச்சகீரையின் சொந்தம். தமிழில் இரண்டு செடிகளுக்கு இந்தப் பெயர் உண்டு. அதில் ஒன்றுக்கு 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் ஹைபிஸ்கஸ் சப்தரிஃபா. அதிலும் ஒரு வகையில், பூ வாடியபின் காயைச் சுற்றிய புல்லி இதழ்கள் சதை பிடித்து ரத்தச் சிவப்பாகும். டீக்கு அதுதான். நாம் இலையோடு நிறுத்திக்கொண்டோம்.

மெக்சிகோவில் இதன் பெயர் 'அகுவா தெ ஹமைக்கா'. ஹமைக்கா என்றால் ஜமைக்காதான். ஆனால் செடிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. செனகலில் இதே பானம் பிஸ்ஸாப், எகிப்தில் கர்கடே. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு விதையும் கடல் தாண்டியது என்பார்கள்; 1707-ல் ஜமைக்காவில் பயிரானதாகக் குறிப்பு இருக்கிறது. விதையைக் கொண்டுபோனவர்களின் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை, தீவின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எனக்கு உறுத்துவது அதுதான்.

செய்வது சுலபம். காய்ந்த புல்லி இதழ் இரண்டு கைப்பிடி, தண்ணீர் ஒரு லிட்டர். 5 நிமிடம் கொதி, 20 நிமிடம் மூடிவைத்து வடிகட்டி, சர்க்கரை, ஐஸ். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அரிக்கும். வாங்கும்போது ஒன்றை மென்று பாருங்கள். பல் கூச வேண்டும். கூசாவிட்டால் அது செம்பருத்தி.