உமிழ்வுக் குறைப்பு முயற்சிகளின் பொருளியல் ஒப்பீடு

பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க நாடுகள் எடுக்கும் முயற்சியைச் செலவு, வருமானம், தொழிலமைப்பு ஆகியவற்றைக் கொண்டு அளந்து ஒப்பிடும் முறை. கடைசி ஒரு டன்னைக் குறைக்க ஆகும் இறுதிநிலைச் செலவு, நாட்டு வருமானத்தில் மொத்தச் செலவின் பங்கு, ஆள்வீத உமிழ்வு எனப் பல அளவுகோல்கள் வழக்கில் உள்ளன. அளவுகோல் மாறினால் நாடுகளின் வரிசையும் மாறும்.

1991-இல் தில்லியின் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கான நெல்வயலின் மீத்தேனையும் வசதிக்கான காரின் புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என வாதிட்டனர்.

இத்தகைய ஒப்பீட்டுக்கு விரிவான சான்றுகள் கிடைப்பது, ஐரோப்பிய ஒன்றியம் குறைப்புப் பொறுப்பை உறுப்பு நாடுகளுக்குப் பிரித்த 1997-98 பங்கீட்டுக்கே. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்காக ‘டிரிப்டிக்’ முறையை வகுத்தனர். தேவாலயப் பீடங்களில் காணும் மூன்று பலகை ஓவியத்தின் பெயர் அது. மின்னுற்பத்தி ஒரு பலகை. ஆற்றலை விழுங்கும் கனரகத் தொழில் இன்னொன்று. வீடு, போக்குவரத்து முதலியன மூன்றாவது. 1997 மார்ச்சில் 15 உறுப்பு நாடுகள் தத்தம் பங்கை ஏற்றன: போர்ச்சுகல் 40% கூட்டிக்கொள்ளலாம், லக்சம்பர்க் 30% குறைக்க வேண்டும். எல்லாம் கூட்டியும் ஏறத்தாழ 10%தான் தேறியது. உலக அரங்கில் ஒன்றியம் முன்வைத்ததோ 15%. அவ்வாண்டு டிசம்பரில் கியோட்டோ காலநிலை மாநாட்டில் ஒன்றியத்துக்கு 8% என முடிவாகவே, 1998 ஜூனில் பங்கு மீண்டும் பிரிக்கப்பட்டது. 1990-ஐ அடிப்படையாகக் கொண்டு லக்சம்பர்க்குக்கு 28%, ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் 21%, பிரிட்டனுக்கு 12.5% குறைப்பு, பிரான்சு அப்படியே, போர்ச்சுகலுக்கு 27% உயர்வு.

விழுக்காட்டில் முதலிடம் பெற்ற லக்சம்பர்க்கில் 1997-இலேயே கடைசி ஊதுலை அணைந்துவிட்டது. பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. அதே நாட்டில் எரிபொருள் வரி குறைவு என்பதால் அண்டை நாட்டு லாரிகள் அங்கே டாங்கை நிரப்பிக்கொண்டு போயின. எரிபொருளை விற்ற நாட்டின் கணக்கில்தான் புகை ஏறும் என்பது விதி.

ஜெர்மனியின் குறைப்பில் கிழக்கு ஜெர்மனித் தொழில்கள் முடங்கியதன் பங்கு எவ்வளவு, கொள்கையின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பாதிக்குப் பாதி என்பது ஒரு சாராரின் கணக்கு. பிரிட்டன் நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதும் மின்துறை தனியார்மயமானதன் விளைவே எனலாம். 1998-இல் எல்லர்மன், டெகோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இறுதிநிலைச் செலவு மிகுதியாக இருந்தது, கியோட்டோவில் 6% மட்டுமே ஏற்ற ஜப்பானுக்கு.

ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தையில் உருவான 2007-இன் பாலித் திட்டம் ‘முயற்சிகளின் ஒப்பீட்டுத்தன்மை’ என்ற தொடரைச் சேர்த்தது, பொருள் வரையறுக்கவில்லை. 2015-இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் இலக்குகளின் வடிவமே நாட்டுக்கு நாடு வேறாயிற்று. இந்தியாவும் சீனாவும் உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கான உமிழ்வைக் குறைப்பதாக உறுதி கூறின.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிமக் கட்டணம் 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டது. ஒன்றியத்துக்குள் இறக்குமதியாகும் இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் முதலியவற்றுக்கு இது பொருந்தும். ஏற்றுமதி நாட்டில் கரிமத்துக்கெனச் செலுத்திய விலை இதில் கழிக்கப்படும். பிற கட்டுப்பாடுகளுக்காக அந்நாடு செய்த செலவு கழிக்கப்படாது.