சுருங்கை வந்த வழி

நாகரசம்பட்டி வட்டாரத்தில் 'சுரங்கம்' என்பதை அயற்சொல்லாகக் கருதுவார் அரியர். கருநாடக எல்லைக்கு அப்பால் உள்ள கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் பணி தொடங்கியபின், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை அகழப்பட்ட அச்சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. இவ்வாறு உழைப்போடு ஒன்றிய இச்சொல்லின் மூலம் கிரேக்கம் என்பர் அறிஞர் பலர்.

கிரேக்க மொழியில் 'சிரிங்க்ஸ்' என்பது இடையர் ஊதும் நாணற்குழலைக் குறித்தது. உள்ளீடற்ற நீண்ட வடிவு பற்றி அது குழாய்க்கும், கோட்டை முற்றுகையில் அமைக்கும் மறைவழிக்கும் பெயராயிற்று. மருத்துவர் கையிலுள்ள 'சிரிஞ்சு'ம் அதன் வழிவந்ததே.

வடமொழியில் இது 'சுருங்கா' என அருத்தசாத்திரத்திலும் மகாபாரதத்திலும் பயில்கின்றது. மாலா என்பது மாலை எனவும், சீதா என்பது சீதை எனவும் தமிழில் ஆவதுபோலச் சுருங்கா என்பது சுருங்கை ஆயிற்று. சுரங்கம் அதன் மற்றொரு வடிவம்.

'சுருங்கு' என்னும் தமிழ்வினையே இதற்கு வேர் என்பாரும் உளர். ஒலியளவில் அது பொருந்துவதே. ஆயினும், சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் வரும் மதுரைச் சுருங்கை, யானைக் கூட்டம் இயங்கும் அகலம் உடையது. மணிமேகலையிலோ அது கழிவுநீர் செல்லும் தூம்பு. அகன்றதற்கும் குறுகியதற்கும் பொதுவாய் நிற்பது உள்ளீடின்மையே, சுருக்கம் அன்று.

மேலும், கோவலன் அச்சுருங்கை வீதியைக் கடந்தவுடன் எதிர்ப்படுவோர் மதில்வாயில் காக்கும் யவன வாள்வீரர். கோட்டைக் காவலில் யவனர் பணிபுரிந்த நகரில் கோட்டைத் தொழில் பற்றிய யவனச் சொல்லும் வழங்கியதில் வியப்பில்லை. இது முடிந்த சான்று அன்றெனினும், சொல் வந்த சூழலைப் புலப்படுத்துகின்றது.

இதனைக் கடனெனக் கூறுதல் தமிழுக்கு இழுக்காகாது. இஞ்சி என்னும் சொல் பாலி முதலிய இந்திய மொழிகளின் வழியே கிரேக்கம் சென்று 'சிங்கிபெரிஸ்' ஆயிற்று என்பதைப் பெருமையுடன் ஏற்போர், அங்கிருந்து வந்ததையும் ஏற்றல் வேண்டும். கொடுத்ததை மட்டும் எழுதி, கொண்டதை மறைக்கும் கணக்கு வரலாறு ஆகாது. குழலாய்ப் பிறந்த சொல்லைக் கோட்டைக்கும் நீர்த்தூம்பிற்கும் பொன்வயலுக்கும் உரியதாக்கிக்கொண்டவர்கள் தமிழ் மக்களே. அவ்வுரிமைக்கு வேறு வேர் வேண்டுவதில்லை.