மிம்பரும் தச்சர் கரமும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மிம்பர் எந்த மரத்தால் செய்யப்பட்டது என்பது குறித்து ஒருமுறை கருத்து வேறுபாடு எழுந்தது. வாதிட்டவர்கள் நபித்தோழர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் சென்று வினவினர். தாம் அதனை நன்கு அறிந்திருப்பதாகக் கூறிய அவர், நிகழ்ந்ததை விவரித்தார். அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடம் தச்சுத் தொழில் அறிந்த அடிமை ஒருவர் இருந்தார். மக்களிடம் பேசும்போது தாம் அமர்வதற்கு மரத்தால் ஓர் அமைப்பைச் செய்து தருமாறு அவரிடம் சொல்லும்படி, அண்ணலார் அப்பெண்மணிக்குச் சொல்லியனுப்பினார்கள். அல்ஃகாபா என்னும் இடத்தில் வளர்ந்த ‘தர்ஃபா’ மரத்தால் அது செய்யப்பட்டது. தர்ஃபா என்பது சவுக்கை ஒத்த மெல்லிய இலைகளையுடைய, வறண்ட நிலத்து மரமாகும்.

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இச்செய்தியில் இரண்டு உண்மைகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, மிம்பர் என்பது தொடக்கத்தில் ஓர் இருக்கையே. இரண்டு படிகளும் அமரும் தளமுமாக மூன்றே நிலைகள் கொண்ட எளிய மர இருக்கை அது. இரண்டாவது, மரத்தின் பெயர் நினைவிலிருந்தது; அது வளர்ந்த இடமும் நினைவிலிருந்தது; ஆனால் செய்தவரின் பெயர் இவ்வறிவிப்பில் இல்லை. பின்வந்த விரிவுரையாளர்கள் பல பெயர்களைக் கூறுவர். ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை. ஹிஜ்ரி 654இல் (கி.பி. 1256) மஸ்ஜிதுந் நபவியில் ஏற்பட்ட தீவிபத்தில் அம்மிம்பரின் எச்சங்களும் அழிந்தன.

இஸ்லாம் பரவிய நாடுகளில் இந்த எளிய இருக்கை பெருங்கலையாக வளர்ந்தது. இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் உள்ளது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், அஃக்லபி அமீர்களின் ஆட்சியில் உருவான அது, 300க்கும் மேற்பட்ட செதுக்குத் துண்டுகளால் ஆனது. அதன் மரம் தேக்கு. தேக்கு வட ஆப்பிரிக்காவில் வளர்வதன்று. நம் நாடும் பர்மாவும் அதன் தாயகங்களுள் அடங்கும். அரபுகள் ‘ஸாஜ்’ என்றழைத்த இம்மரம் கடல் கடந்து மேற்கே சென்றதற்கு அம்மிம்பர் ஒரு சான்று.

மரம் அரிதான, வெயிலும் வறட்சியும் மிக்க நாடுகளில் தச்சர்கள் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். அகன்ற பலகை பருவந்தோறும் விரிந்து சுருங்கும். நாளடைவில் வளையும், பிளக்கும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு வியப்புக்குரியது. பலகையைத் தவிர்த்து, நட்சத்திரமாகவும் பலகோணமாகவும் சிறு சிறு துண்டுகளை அறுத்தனர். சுற்றியுள்ள சட்டங்களில் உளியால் தவாளிப்பு எடுத்து, துண்டுகளின் மெல்லிய விளிம்புகளை அதில் செருகினர். சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகக் கோத்தனர். இம்முறையின் சிறந்த வேலைப்பாடுகளில் ஆணியுமில்லை, பசையுமில்லை. ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் சற்றே அசைய இடமிருப்பதால் வெப்பமும் குளிரும் முழு அமைப்பைச் சிதைப்பதில்லை. அழகுக்காக அமைந்ததாகத் தோன்றும் கோலம் உண்மையில் மரத்தின் இயல்பறிந்த அறிவின் வெளிப்பாடாகும்.

இவ்வளவையும் சாதித்த கருவிகள் சிலவே: வாள், வாச்சி, உளி, கொட்டாப்புளி, இழைப்புளி, வில்லால் சுழற்றும் துளைகருவி, அளவுகோல், கவராயம். கெய்ரோவின் கடைசல்காரர் தரையில் அமர்ந்து, ஒரு கையால் வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றி, மறு கையாலும் கால்விரல்களாலும் உளியைப் பிடித்துக் கடைந்தெடுப்பார். ஒரு மயிரிழை பிசகினாலும் அடுத்த துண்டு பொருந்தாது. எனவே கணிதமும் கைப்பழக்கமும் ஒருவரிடத்திலேயே ஒன்றியிருக்க வேண்டியிருந்தது.

இக்கலையின் சிகரங்களுள் ஒன்று ஹலப் நகரில் உருவானது. பைத்துல் முகத்தஸ் சிலுவைப்போர் வீரர்களின் கையிலிருந்த காலம் அது. அந்நகர் மீட்கப்படும் என்ற உறுதியோடு, சுல்தான் நூருத்தீன் ஸங்கீ ஹிஜ்ரி 564இல் (கி.பி. 1168-69) மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கென ஒரு மிம்பரைச் செய்யப் பணித்தார். தச்சர்கள் பல ஆண்டுகள் உழைத்ததாக வரலாற்றாசிரியர் இப்னுல் அஃதீர் கூறுகிறார். நூருத்தீன் 1174இல் மறைந்தார். 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்ட ஸலாஹுத்தீன் ஐயூபி, அம்மிம்பரை ஹலபிலிருந்து வரவழைத்து அக்ஸாவில் நிறுவினார். அதில் சுல்தானின் பெயரோடு, அதைச் செய்த தச்சர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அபுல் ஹஸன், ஃபளாயில் என்ற யஹ்யாவின் மக்கள் இருவர் அவர்களுள் அடங்குவர். மதீனாவில் பெயர் பதியாமற்போன தச்சரின் வழித்தோன்றல்கள், ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் தம் பெயரை மரத்திலேயே எழுதிவைத்தனர்.

1969 ஆகஸ்டு 21ஆம் நாள், ஆஸ்திரேலியர் ஒருவர் அக்ஸாவில் வைத்த தீ அம்மிம்பரைச் சாம்பலாக்கியது. எட்டு நூற்றாண்டுகள் நின்றது ஒரே நாளில் அழிந்தது. எஞ்சிய சில துண்டுகள் ஹரம் வளாகத்திலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. இஸ்லாமிய உலகம் கொதித்தெழுந்தது; அடுத்த மாதமே ரபாத்தில் கூடிய உச்சி மாநாடு, இஸ்லாமிய மாநாட்டு அமைப்பு தோன்ற வழிவகுத்தது.

எனினும் அரசியல் சினம் எழுந்த வேகத்தில் மிம்பர் எழவில்லை. புதிய மிம்பர் அக்ஸாவுக்குள் வந்தது 2007இன் தொடக்கத்தில்தான். ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகள்! பொருளில்லாமையோ மரமில்லாமையோ மட்டும் இதற்குக் காரணமென்று நாம் கருதவில்லை. அத்தகையதொன்றைச் செய்யும் அறிவு அருகிப் போயிருந்தது. பழைய நிழற்படங்கள் இருந்தன. ஆனால் படம் கோலத்தைக் காட்டுமேயன்றி அது பிறந்த கணக்கைக் காட்டாது. பொறியாளர் மின்வர் அல்முஹைத் அந்தப் படங்களிலிருந்தும் எஞ்சிய துண்டுகளிலிருந்தும் வடிவியல் முறையை மீட்டு, வரைபடங்களை உருவாக்கினார். மன்னர் ஹுஸைன் தொடங்கிவைத்த இம்முயற்சிக்காக, ஜோர்தானின் ஸல்த் நகரிலுள்ள பல்கா பல்கலைக்கழகத்தில் பட்டறை அமைந்தது. ஒரு நாட்டில் மட்டும் ஆள் தேடிப் பயனில்லாததால் துருக்கி, இந்தோனேசியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். முன்பு ஹலப் என்ற ஒரு நகரத்துத் தச்சர்கள் செய்ததைச் செய்ய, இப்போது பல நாடுகளின் கரங்கள் தேவைப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை தெளிவானது. மரம் எரியக்கூடியது, கரையான் அரிக்கக்கூடியது. அதைச் செய்யும் அறிவு கற்பிக்கப்படும் வரையில்தான் மரபு உயிரோடிருக்கும். பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு, அதைச் செய்தவரின் பிள்ளை வேறு பிழைப்புத் தேடிச் செல்வதைப் பார்த்திருந்தால், நாம் காப்பது மரபின் சடலத்தையே. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். உழைக்கும் கரத்தை இவ்வளவு உயர்த்திய மார்க்கத்தினர், உளி பிடிப்பவரைக் கல்வியற்றவரென எண்ணுவது பொருந்துமா?

நம் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது, மர மிம்பரை அகற்றிப் பளிங்கில் படி அமைப்பதைக் காண்கிறோம். அகற்றுமுன் அதன் அளவையும் இணைப்பையும் வரைந்து வைக்கலாம். பழுதை நீக்க வல்ல தச்சரைத் தேடலாம். அவருக்கு உரிய கூலியும் உடன் கற்க ஓர் இளைஞரும் கிடைக்கச் செய்யலாம். அவர் பெயரையும் எழுதி வைப்போம். அண்ணலாரின் மிம்பரைச் செய்த கரம் யாருடையது என்பதில் இன்றளவும் முடிவில்லை. வருந்தலைமுறைக்கு அந்த இழப்பை நாமும் விட்டுச்செல்ல வேண்டியதில்லை.